மூன்றாவது சீறல்

அத்தியாயம் ஏழு

மேனேஜர் நீட்டிய காகிதத்தில் எல்லாமே இருந்தது. தேதி இருந்தது, குற்றம் இருந்தது, குற்றவாளியின் இருபத்திரண்டு வருட சர்வீஸும் ஒரே வரியில் இருந்தது. அடியில் ஒரு கோடு மட்டும் காலி. அதற்குக் கீழே 'விசாரணை செய்தவர்' என்று டைப் அடித்திருந்தார்கள்.

"விசாரணையே இனிமேதான் சார்," என்றான் சின்னவன். "பரீட்சைக்கு முன்னாடியே மார்க் போட்டு வச்சிருக்கீங்க. நான் படிச்ச காலத்துல இப்படி ஒரு பள்ளிக்கூடம் கிடைக்காம போச்சே."

மேனேஜர் சிரித்தார். சிரிப்பு உதட்டோடு நின்றுவிட்டது.

"உங்க சிரமத்தைக் குறைக்கலாம்னுதான். அஞ்சு மணிக்கு அக்கா ஆபரேட்டரைக் கூப்பிட்டு லெட்டரைக் கொடுப்பாங்க. அவன் இன்னிக்கே குவார்ட்டர்ஸைக் காலி பண்ணணும். வெளியாள் ஒருத்தர் பார்த்துச் சொல்லாம இத்தனை வருஷத்து ஆளை அனுப்ப மாட்டேன்னு அக்கா ஒத்தைக்கால்ல நிக்கறாங்க. அதனாலதான் நீங்க."

அக்கா என்று அவர் சொன்னது முதலாளியம்மாவை. கண் சொட்டு மருந்துக்கான குட்டி பிளாஸ்டிக் பாட்டில் செய்யும் அந்தத் தொழிற்சாலை அவருடையது. மேனேஜர் அவருடன் பிறந்த தம்பி.

அண்ணி காகிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்தாள். "முதல்ல காத்து எங்கே உற்பத்தி ஆகுதுன்னு காட்டுங்க."

அவர்களுடைய துப்பறியும் நிறுவனம் சின்னவனின் அண்ணன் ஆரம்பித்தது. இரண்டு வருடத்துக்கு முன் அவர் மாடிப்படியில் ஏறிக்கொண்டிருந்தபோது பாதியிலேயே உட்கார்ந்தார், பிறகு எழுந்திருக்கவில்லை. அலுவலகத்தை மூடிவிடுவார்கள் என்று உறவுக்காரர்கள் எல்லாரும் முடிவு கட்டியிருந்தபோது, அண்ணி ஒருநாள் காலையில் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். எங்கே என்று கேட்காமல் சின்னவன் பின்னாலேயே போனான். அன்றிலிருந்து மூளை அவளுடையது. வண்டி ஓட்டுவது, படம் எடுப்பது, வாயைத் திறப்பது இந்த மூன்றும் அவனுடையவை. முப்பத்து நான்கு வயதாகியும் அவனுக்குச் சின்னவன் என்ற பேர் போகவில்லை. போக வேண்டும் என்று அவனும் நினைத்ததில்லை.

கம்ப்ரஸர் அறை கட்டடத்தின் முதுகுப்பக்கம் இருந்தது. உள்ளே காலை வைத்ததும் சூடு முகத்தில் அடித்தது. இரண்டு கம்ப்ரஸர்கள், ஆளுயரத்துக்கு மேல் ஒரு காற்று டேங்க், அதிலிருந்து கிளம்பிச் சுவரெல்லாம் ஓடும் குழாய்கள். டேங்கின் அடியிலும் குழாய்களின் முனையிலுமாக ஆறு சாம்பல்நிறப் பெட்டிகள். ஒவ்வொன்றின் மூடியிலும் சிவப்பு சீல்.

"பாட்டிலை ஊதறதுக்கு வெளிக்காத்தை இழுத்து அமுக்கறோம்," என்று மேனேஜர் பாடம் எடுத்தார். "அமுக்கினதும் அதுல இருக்கிற ஈரம் தண்ணியா மாறி அடியில நிக்கும். அதை அப்பப்ப வெளியேத்தணும். இல்லாட்டி குழாயோட போய் பாட்டிலுக்குள்ள புள்ளி விழும். கண்ணுல விடற மருந்து. ஒரு புள்ளி இருந்தாலும் மொத்த லாட்டும் திரும்பி வந்துடும்."

"முன்னாடி எப்படி வெளியேத்தினீங்க?" என்றாள் அண்ணி.

"டைமர் வச்ச ஆட்டோ டிரெய்ன், தண்ணியைத் தானா வடிக்கிற வால்வு. பத்து நிமிஷத்துக்கு ஒருதடவை வாயைத் திறக்கும், அஞ்சு செகண்டுல மூடும். தண்ணி இருக்கா இல்லையான்னு அதுக்குத் தெரியாது. தண்ணி தீர்ந்தா வெறும் காத்து சீறிக்கிட்டுப் போகும். அது காத்து இல்லைங்க, கரண்ட். கம்ப்ரஸர் கரண்டைத் தின்னுதான் அந்தக் காத்தை அமுக்குது."

"கேக்க ஆளில்லாட்டியும் பேசிக்கிட்டே இருக்கிறது. என்னை மாதிரி," என்றான் சின்னவன்.

மேனேஜர் அதைக் காதில் வாங்கவில்லை. "அதனாலதான் எட்டு மாசத்துக்கு முன்னாடி ஆறையும் மாத்தினேன். இது புதுசு. உள்ளே சென்சார் இருக்கு. தண்ணி ஒரு மட்டத்துக்கு ஏறினாத்தான் திறக்கும், காத்து தப்பிக்கிறதுக்குள்ள மூடிக்கும். ஒரு மூச்சு கூட வீணாகாது. ஆனா கரண்ட் ஒரு யூனிட் கூடக் குறையலை. ஏன்னு கேளுங்க. இதோ."

டேங்கின் அடியில், பெட்டிக்குப் பக்கத்தில், பழைய கை வால்வு ஒன்று இருந்தது. அதன் மூக்கில் கந்தல் துணி கட்டியிருந்தது. துணி சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

"கால் திருகு திறந்து விட்டிருக்கான். சத்தம் வரக்கூடாதுன்னு துணி. ஃபோர்மேன் பதவி கொடுக்கலைன்னு மனசுல வச்சுக்கிட்டு எங்க காத்தைத் திறந்து விடறான். நாலு நாளைக்கு முன்னாடி நானே கையும் களவுமாப் பிடிச்சேன். நீங்க பார்க்கணும்னு அப்படியே விட்டு வச்சிருக்கேன்."

மூலையில் நின்றிருந்த மனிதரை அப்போதுதான் சின்னவன் கவனித்தான். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். காதுகளில் பஞ்சு. இடுப்பில் எதையோ செருகி, அதன்மேல் சட்டையை இழுத்து விட்டிருந்தார்.

"நீங்கதான் திறந்தீங்களா?" என்று அண்ணி கேட்டாள்.

"ஆமாம்மா. நான்தான்," என்றார் ஆபரேட்டர், இரைச்சலில் வாழ்ந்தவர்களுக்கே உரிய உரத்த குரலில்.

இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்கிறவர்களைச் சின்னவன் நம்புவதில்லை. பெரியதை மறைக்க வேண்டியவன்தான் சின்னதை முந்திக்கொண்டு கொடுப்பான்.

"எட்டு மாசத்து கரண்ட் ரீடிங் வேணும், சார்," என்றாள் அண்ணி.

"ஆளை அனுப்பி எடுத்துட்டு வரச் சொல்றேன்."

"நீங்களே எடுத்துட்டு வந்தா நல்லது. வேற யாரும் பார்க்க வேண்டாம்னு நினைக்கிறேன்."

மேனேஜர் தயங்கினார். ஆபரேட்டரை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார். 'வாயைத் திறந்தே பார்' என்று அந்தப் பார்வை சொன்னதாகச் சின்னவனுக்குப் பட்டது. சூடு தாங்காமல் அப்படி முகத்தைச் சுளித்தாரோ என்னவோ.

"இடுப்புல என்ன அண்ணே?" என்றான் சின்னவன்.

ஆபரேட்டர் வெட்கத்தோடு சட்டையை விலக்கினார். ஸ்பேனர். "ஸ்டோர்ல திருப்பிக் கொடுத்துடச் சொன்னாங்க. அஞ்சு மணி வரைக்கும் இருக்கட்டுமேன்னு..."

அண்ணி நனைந்த துணியைத் தொட்டுப் பார்த்தாள். "ஏன் திறந்தீங்க?"

"இந்தத் தடவை மழையில தண்ணி தாங்கலைம்மா. பெட்டி துப்பறது பத்தலை. பாட்டில்ல புள்ளி விழ ஆரம்பிச்சுது. அதான் கையால கொஞ்சம் திறந்தேன். துணி கட்டாட்டி தரையெல்லாம் தெறிக்கும். ரெண்டு தடவை நானே வழுக்கி விழுந்திருக்கேன்."

"தண்ணி அதிகமானா புதுப் பெட்டி அடிக்கடி திறக்கணுமே?"

"அப்படித்தான் சார் சொன்னாரு. இது பழசு மாதிரியேதான் துப்புது சார்னு நானும் சொன்னேன். போகப் போகச் சரியாகும்னாரு. சீலை உடைச்சா வாரண்டி போயிடும், தொட்டா உன் வேலை போயிடும்னாரு. நான் தொடவே இல்லை." அவர் ஸ்பேனரை மறுபடி செருகிக்கொண்டார். "வேலை எப்படியும் போகுது."

அந்த நேரத்தில் டேங்க் அடியிலிருந்த பெட்டி 'ஸ்ஸ்ஸ்' என்று சீறியது. அதிலிருந்து ஒரு ரப்பர் குழாய் சுவரைத் துளைத்து வெளியே போயிற்று. அண்ணி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்று நாற்பது.

"தம்பி, உன் சாப்பாடு எதுல இருக்கு?"

"பாலிதீன் பையில. ஏன் அண்ணி?"

"சாப்பாட்டை வெளியே எடுத்துட்டு பையைக் கொடு."

"கேஸுக்காக உயிரைக் கேளுங்க, கொடுக்கறேன். சாப்பாட்டுப் பை மட்டும்..." என்று புலம்பிக்கொண்டே கொடுத்தான்.

அறைக்கு வெளியே, சுவரை ஒட்டி ஓடிய சாக்கடையில் அந்தக் குழாய் முடிந்தது. அண்ணி முனையில் பையை மாட்டி நூலால் கட்டினாள். "தண்ணிக்கு மட்டும் திறக்கற பெட்டின்னா பையில தண்ணிதான் இருக்கணும்."

அவர்கள் காத்திருந்தார்கள். சின்னவன் குனிந்து பையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். பதினொன்று ஐம்பதுக்குப் பெட்டி சீறியது. பை ஒரு நொடியில் பூசணிக்காயாக உப்பி, நூலை அறுத்துக்கொண்டு பறந்து, அவன் முகத்தில் அறைந்தது.

"சாட்சி சொல்லியாச்சு," என்றான் முகத்தைத் துடைத்துக்கொண்டே. துடைக்க அதிகம் தண்ணீர் இல்லை. இரண்டு ஸ்பூன் இருந்தால் அதிகம். மீதியெல்லாம் காற்று.

மேனேஜர் ஃபைலோடு திரும்பி வந்தபோது அண்ணி அதைச் சொன்னாள். அவர் அசரவில்லை.

"சென்சார்ல தூசி படிஞ்சிருக்கும். கொஞ்சம் காத்து வரத்தான் செய்யும்."

"சரியாப் பத்து நிமிஷத்துக்கு ஒருதடவை வருது."

"தண்ணி ஒரே சீரா சேர்ந்தா ஒரே சீராத்தானே திறக்கும்? இன்னிக்குக் காலையிலேர்ந்து ஒரே மாதிரி வெயில். இதுல என்ன அதிசயம்?"

பதில் கச்சிதமாக இருந்தது. சின்னவனுக்கே அதில் ஓட்டை எதுவும் தென்படவில்லை. அதுதான் அவனுக்குப் பிடிக்கவில்லை. கேள்வி வருவதற்கு முன்பே வெட்டித் தைத்து வைத்த பதில் மாதிரி இருந்தது.

மேனேஜருக்கு ஃபோன் வந்தது. அவர் பேசிக்கொண்டே நகர்ந்தார். மணி பன்னிரண்டு. பெட்டி மறுபடி சீறியது. சின்னவன் எதேச்சையாகத் திரும்பினான். சாக்கடைக்கு மேலே பேக்கிங் ஹாலின் நீளமான கண்ணாடி ஜன்னல். உள்ளே இரண்டு வரிசையாகப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு வரிசை பிரகாசமான விளக்குகளுக்கு எதிரே பாட்டில்களைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தது. இன்னொரு வரிசை அவற்றைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தது. சீறல் அடங்குவதற்குள் இருபது பேரும் ஒருசேர எழுந்தார்கள். வரிசை மாறி உட்கார்ந்தார்கள். மணி அடிக்கவில்லை, யாரும் குரல் கொடுக்கவும் இல்லை.

"அண்ணி, இங்கே பாருங்க. மியூசிக் இல்லாம மியூசிக்கல் சேர் ஆடறாங்க."

அண்ணி பார்த்தாள். அவள் புருவம் ஏறியது. அடுத்த நிமிடம் அவள் ஹாலுக்குள் இருந்தாள்.

பேக்கிங்குக்குத் தலைவியாக இருந்த பெண்ணை எல்லாரும் கழுகக்கா என்றார்கள். பாட்டிலுக்குள் இருக்கும் தூசியை எட்டடி தள்ளி நின்றே பிடித்துவிடுவாராம். நிமிராமலே பேசினார்.

"விளக்கைப் பார்த்துக்கிட்டே இருந்தா கண்ணு பூத்துப் போயிடும்மா. அதனால அரைமணிக்கு ஒருதடவை மாறிக்குவோம். மூணு சீறலுக்கு ஒரு மாத்து."

"கடிகாரம் பார்க்க மாட்டீங்களா?"

"கடிகாரத்தைப் பார்த்தா பாட்டிலை யாரு பார்க்கிறது? காது சும்மாத்தானே இருக்கு. நான் வேலைக்குச் சேர்ந்த நாள்லேர்ந்து இப்படித்தான். பத்து நிமிஷத்துக்கு ஒண்ணு, ஜன்னலுக்குக் கீழேயே சீறும்."

"இந்த எட்டு மாசமாவும்?"

"ஆமா."

"கொட்டற மழையிலயும்? காய்ஞ்ச வெயில்லயும்?"

"மழைக்கும் வெயிலுக்கும் அதுக்கும் என்னம்மா சம்பந்தம்? அது பாட்டுக்குச் சீறும்."

அண்ணி திரும்பிச் சின்னவனைப் பார்த்தாள். அவனுக்குப் புரிய அரை நொடி ஆயிற்று. மழையில் தண்ணீர் கூட வேண்டும். வெயிலில் குறைய வேண்டும். தண்ணீரைப் பார்த்துத் திறக்கிற பெட்டி எல்லாக் காலத்திலும் பத்து நிமிடம் காட்டாது. கடிகாரம்தான் காட்டும்.

"ஒருநாள் கூடத் தப்பினது இல்லையா?" என்றாள் அண்ணி.

"ஒரே ஒருதடவை," என்றார் கழுகக்கா. "பெட்டி மாட்டி ஒரு மாசம் இருக்கும். திடீர்னு இருபது நிமிஷத்துக்கு ஒண்ணா ஆயிடுச்சு. மூணு சீறலுக்கு ஒரு மணி நேரம். இவங்களுக்கெல்லாம் கண்ணுல தண்ணியாக் கொட்டுது. ரெண்டு வாரம் பொறுத்தோம். அப்புறம் சொன்னோம். மறுநாளே பழையபடி பத்து நிமிஷம்."

"யாருகிட்ட சொன்னீங்க?"

"முதல்ல நம்ம காத்தண்ணன்கிட்டதான்..."

வாசலில் நிழல் விழுந்தது. மேனேஜர் நின்றிருந்தார். கழுகக்கா வாயை மூடிக்கொண்டு ஒரு பாட்டிலை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தார். அதற்கப்புறம் இருபது பெண்களிடமிருந்தும் ஒரு வார்த்தை பெயரவில்லை.

வெளியே வந்ததும் சின்னவன் தலையில் கைவைத்துக்கொண்டான். காத்தண்ணன் என்று அவர்கள் கூப்பிடுவது ஆபரேட்டரைத்தான்.

"அண்ணி, தொடவே இல்லைன்னு சத்தியம் பண்ணாத குறையாச் சொன்னாரு மனுஷன். பொண்ணுங்க சொன்ன மறுநாளே சரியாயிருக்கு. அப்போ பெட்டியைத் திறந்தது அவர்தானே? உள்ளே என்ன இருக்குன்னு அவருக்குத் தெரியும். புதுப் பெட்டியைக் கழட்டிட்டு வேற எதையோ மாட்டினதே அவர்தான்னா?"

"இருக்கலாம்," என்றாள் அண்ணி.

"அப்போ கையெழுத்து?"

"பேனாவை எடுத்து வை."

அவள் முகத்தில் எதுவும் தெரியவில்லை. அண்ணன் இருந்தபோதும் அப்படித்தான். வீட்டில் சீட்டு ஆடும்போது அண்ணன் தோற்றுக்கொண்டே இருப்பார்.

ஐந்து மணிக்கு முதலாளியம்மாவின் அறையில் ஐந்து பேர் இருந்தார்கள். முதலாளியம்மா மேசைக்குப் பின்னால் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மேனேஜர். எதிரே அண்ணியும் சின்னவனும். கதவோரமாக ஆபரேட்டர், உட்காரச் சொல்லியும் உட்காராமல். மேசையில் லெட்டர் தயாராக இருந்தது.

"என்னம்மா முடிவு?" என்றார் முதலாளியம்மா.

"சாரை ஒரு சந்தேகம் கேட்டுட்டுச் சொல்றேன்," என்றாள் அண்ணி. "சார், இந்தப் புதுப் பெட்டியில, எத்தனை நிமிஷத்துக்கு ஒருதடவை திறக்கணும்னு நேரம் வைக்கிற திருகு எங்கே இருக்கு?"

"அப்படி ஒண்ணு கிடையவே கிடையாது. காலையிலேயே சொன்னேனே. தண்ணியைப் பார்த்துத் திறக்கறது. நேரத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை."

"நிச்சயமா?"

"அக்கா முன்னாடி பொய் சொல்வேனா?"

"சந்தோஷம். பேக்கிங் ஹால் தலைவியைக் கொஞ்சம் கூப்பிடுங்கம்மா."

கழுகக்கா வந்தார். மேனேஜர் பக்கம் பார்க்காமல், மூன்று சீறலுக்கு ஒரு மாற்று என்பதையும், இருபது நிமிடமாகிப்போன அந்த இரண்டு வாரத்தையும் முதலாளியம்மாவிடம் சொன்னார்.

"யாருகிட்ட போய்ச் சொன்னே?" என்றார் முதலாளியம்மா.

"முதல்ல காத்தண்ணன்கிட்ட சொன்னோம்மா."

மேனேஜர் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். "பார்த்தீங்களா அக்கா! நான் தலைப்பாடா அடிச்சுக்கிட்டேனே! இவன்தான் உள்ளே கையை விட்டு நேரத்தை மாத்தியிருக்கான்!"

அண்ணி மெதுவாகக் கேட்டாள்:

"எதை மாத்தினார் சார்? திருகே கிடையாதுன்னு இப்பத்தானே சொன்னீங்க?"

மேனேஜர் வாய் திறந்தபடியே நின்றது.

"இவருக்கும் ஒரு சென்சார் வச்சிருக்கலாம்," என்று சின்னவன் முணுமுணுத்தான். "தேவையில்லாதப்போ திறக்காம இருந்திருக்கும்."

"நீங்க முடிக்கலையே," என்று அண்ணி கழுகக்காவைப் பார்த்துச் சொன்னாள். "முதல்லன்னு சொன்னீங்க. அப்புறம்?"

"காத்தண்ணன் கைவிரிச்சுட்டாரும்மா. சீல் வச்சிருக்கு, தொடக்கூடாதுன்னுட்டாரு. அன்னிக்குச் சாயங்காலம் சார் ரவுண்டு வந்தாரு. சார்கிட்ட சொன்னோம். நாளைக்குள்ள சரியாகலைன்னா முதலாளியம்மாகிட்டயே போய் நிப்போம்னும் சொன்னோம். 'அம்மாவைத் தொந்தரவு பண்ணாதீங்க, நான் பார்த்துக்கறேன்'னாரு. மறுநாள் காலையில சரியாயிருந்துச்சு."

முதலாளியம்மா தம்பியைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் சின்னவனுக்கு அவ்வளவு சங்கடமாக இருந்திருக்காது.

"அக்கா, அது தற்செயலா..."

"பெட்டியைத் திறந்து பார்த்துடலாமே," என்றாள் அண்ணி.

"சீலை உடைச்சா வாரண்டி போயிடும்!"

"வாரண்டி என் பேர்லதானே இருக்கு?" என்று முதலாளியம்மா எழுந்தார். "போனா எனக்குத்தான் போகும். வா."

கம்ப்ரஸர் அறையில் டேங்க் முன்னால் எல்லாரும் நின்றார்கள். முதலாளியம்மா ஆபரேட்டரிடம் கைகாட்டினார். அவர் இடுப்பிலிருந்து ஸ்பேனரை எடுத்தார். சீல் தெறித்தது, சாம்பல்நிற மூடி கழன்றது. உள்ளே இன்னொரு சின்னப் பெட்டி. அதன் எண்ணெய்க் கறை படிந்த முகப்பில் ஒரு திருகு. அதைச் சுற்றி எண்கள். பத்து என்ற எண்ணுக்குப் பக்கத்தில் மங்கிப்போன சிவப்புப் பொட்டு.

ஆபரேட்டர் அதை விரலால் தொட்டார்.

"இது என் பழைய டைமரும்மா. இங்கே வெளிச்சம் பத்தாது, எண் தெரியலைன்னு பத்து வருஷத்துக்கு முன்னாடி என் வீட்டுக்காரி நகப்பூச்சை வாங்கிட்டு வந்து நான்தான் பொட்டு வச்சேன்." தம்முடைய பழைய கைவேலையைப் பார்த்து ஒரு கணம் மகிழ்ந்தே போனார். பிறகுதான் அவருக்கு விஷயம் உறைத்தது. "அப்போ புதுசு? ஆறு பெட்டி லாரியிலேர்ந்து இறங்கினதை என் கண்ணால பார்த்தேனே? அடுத்து வந்த ஞாயித்துக்கிழமை எனக்கு லீவு கொடுத்துட்டு நீங்களே ஆள் வச்சு மாட்டினீங்களே, சார்."

"மூடியை மட்டும்தான் மாட்டினார்," என்றாள் அண்ணி. "கொஞ்ச நாள் கழிச்சு கரண்ட் குறையலையேன்னு நீங்க கேட்டிருப்பீங்க, அம்மா. பத்தை இருபதாக்கினார். பாதி தடவை சீறினா பாதி காத்துதானே போகும், கொஞ்சமாவது குறைஞ்சதாக் காட்டலாம். அதுக்குள்ள பொண்ணுங்க உங்ககிட்ட வந்து நிப்போம்னாங்க. பழையபடி பத்தாக்கிட்டார். மழை வந்ததும் அந்தப் பத்து நிமிஷம் தண்ணிக்குப் பத்தலை. உங்க பாட்டிலைக் காப்பாத்த இவர் கை வால்வைத் திறந்தார். பழியைப் போட ஆள் கிடைச்சாச்சு."

"போன வாரம்," என்றார் முதலாளியம்மா தமக்குத்தாமே சொல்வதுபோல, "பெட்டி செஞ்ச கம்பெனி ஆளைக் கூப்பிட்டுச் சோதிக்கச் சொல்றேன்னு சொன்னேன். வேண்டாங்க்கா, முதல்ல துப்பறியறவங்களை வச்சுப் பார்ப்போம்னான். ஒரு ஆபீஸ் இருக்கு, புருஷன் போனப்புறம் அந்தம்மா பேருக்கு நடத்தறாங்க, கேட்ட இடத்துல கையெழுத்துப் போடுவாங்கன்னான்."

சின்னவன் மேனேஜரை நோக்கி ஒரு அடி எடுத்து வைத்தான். வாயில் வரிசையாக நின்ற வார்த்தைகளில் எது முதலில் என்று அவனுக்குத் தெரியவில்லை. அண்ணி அவன் முழங்கையைத் தொட்டாள். பிறகு கைப்பையிலிருந்து காகிதத்தை எடுத்து, காலையில் மடித்த மடிப்பு கலையாமல் மேனேஜர் கையிலேயே கொடுத்தாள்.

"புதுசு ஆறும் எங்கேடா?" என்றார் முதலாளியம்மா.

மேனேஜர் குழாய்களைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். "நான் தனியா ஒரு யூனிட் ஆரம்பிச்சிருக்கேங்க்கா. சின்னதா. எத்தனை நாளைக்கு உன் நிழல்லயே நிக்கிறதுன்னு... அங்கே ஓடுது."

"அங்கே கரண்ட் மிச்சமாகுதா?"

அந்தக் கேள்வியை அவர் எதிர்பார்க்கவில்லை. "ஆகுதுக்கா," என்றார் மெல்லிய குரலில். "நல்லாவே ஆகுது."

"அப்போ சாமான் நல்ல சாமான்தான்." முதலாளியம்மா தலையாட்டினார். "காலையில ஆறும் இங்கே இருக்கணும். இவரே கழட்டி, இவரே மாட்டட்டும். நீ வந்து கூட நில்லு, ஸ்பேனர் எடுத்துக் கொடு. அதுக்கப்புறம் உன் யூனிட்டுக்கே போயிடு. இங்கே வேண்டாம்."

அவர் ஆபரேட்டர் பக்கம் திரும்பி ஏதோ சொல்ல முயன்றார். மன்னிப்புக் கேட்டுப் பழகாதவர். கடைசியில், "நாளைக்கு நேரத்துக்கு வந்துடுங்க," என்று மட்டும் சொல்லிவிட்டு வேகமாக வெளியேறினார். மேனேஜர் பின்னாலேயே போனார். கழுகக்கா, விளக்கு வரிசை காத்திருக்கிறது என்று ஓடினார்.

ஆபரேட்டர் சட்டைப்பையிலிருந்து செல்ஃபோனை எடுத்தார். காது மந்தம் என்பதால் ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டு, இரைச்சலுக்கு மேல் கத்தினார்.

"ஏம்மா, நான்தான் பேசறேன். சாமானெல்லாம் கட்டிட்டியா?"

"கட்டில் மட்டும்தான் பாக்கி," என்றது ஒரு பெண்குரல். "வண்டிக்குச் சொல்லவா?"

"வேண்டாம். எல்லாத்தையும் அவுத்துடு. பாத்திரத்தையெல்லாம் மறுபடி அடுக்கு. நாம எங்கேயும் போகலை."

கம்ப்ரஸர் ஒருமுறை நின்று மறுபடி ஓடத் தொடங்கியது.

"என்ன ஆச்சுங்க?"

"நான் தப்பு பண்ணலையாம். இங்கே துப்பறியறவங்க ரெண்டு பேர் வந்து, காலையிலேர்ந்து தேடிக் கண்டுபிடிச்சுச் சொல்லிட்டாங்க."

"ஏங்க, இதைக் கண்டுபிடிக்க ரெண்டு பேரு வேணுமா?" என்றது குரல். "என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேனே."

சின்னவன் குனிந்து, தரையில் தெறித்துக் கிடந்த சீல் துண்டுகளைப் பொறுக்கத் தொடங்கினான். அண்ணி சுவர்ப்பக்கம் திரும்பி, மூக்குக் கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தாள்.